ஏடிவியில் முன்சக்கரம் தூக்கும் முன்

பைக்கில் வீலிங் போட்டுப் பழகிய தைரியத்தில் ஏடிவியில் (மண், மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஏறினேன். முதல் நாளே பின்டயர் என் கணுக்காலில் ஏறியது. வண்டி சாய்ந்ததும் பைக் ஞாபகத்தில் காலைக் கீழே ஊன்றிவிட்டேன். ஏடிவியில் கால் ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கவே கூடாது. இறங்கினால் பின்னால் வரும் சக்கரம் அதன்மேல் ஏறும்.

சரி, இடம். பாலாறு காய்ந்துதானே கிடக்கிறது என்று இறங்காதீர்கள், மணல் அள்ளிய பள்ளம் கண்ணுக்கே தெரியாது. சாலையிலும் வேண்டாம். நான் பழகியது வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய ஒரு கொல்லையில், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு. காலை ஆறுக்கே போய்விடுங்கள். வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும்.

முதலில் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை. எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு மணிக்கட்டில். விழுந்தால் அதுதான் வண்டியை நிறுத்தும்.

அப்புறம் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடியே வண்டியை ஓட்டி எட்டு போடுங்கள். விளையாட்டு ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றுவதால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்த்தால்தான் வளையும். இது கைவர எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இப்போது தூக்கலாம். சமதரை, முதல் கியர், நடக்கிற வேகம். சீட்டின் பின்கோடியில் உட்காருங்கள். வலது கால் பின்பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும். உடம்பை முன்னால் அழுத்தி, ஷாக் அப்சார்பர் எழும்பும்போது பின்னால் சாய்ந்து, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். (முறுக்குவதில்லை, கட்டைவிரலால் அழுத்துவது. இதுவும் பைக்காரர்களைக் குழப்பும்.) ஒரு சாண் எழும்பினால் போதும். உடனே பிரேக்கைத் தொடுங்கள், முன்பக்கம் பொத்தென்று இறங்கும்.

இந்தத் தூக்கு, பிரேக் இரண்டையும் ஐம்பது தடவையாவது செய்யுங்கள். பின்னால் இரண்டு சக்கரம் இருப்பதால் பக்கவாட்டில் அவ்வளவாக ஆடாது, அதனாலேயே உயரம் போவது தெரியாது. பிரேக்கை மறந்தால் 150, 200 கிலோ இரும்பு மல்லாக்க நெஞ்சில் விழும். முன்சக்கரம் மேலே இருக்கையில் ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை. போகவேண்டிய பக்கம் எடையை மாற்றுங்கள்.

ஒரு பக்கச் சக்கரங்களில் சாய்த்து ஓட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கே அது இன்னும் வரவில்லை.