பதிவு எண் முதல் பற்பம் வரை: சித்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

முழங்கால் வலி, சோரியாசிஸ், மூலம், குழந்தையின்மை, சர்க்கரை. சித்த வைத்தியரைத் தேடிப் போகிறவர்களில் பலர் இப்படி நாள்பட்ட நோயோடும், ஏற்கெனவே இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்த அலுப்போடும் போகிறார்கள். போலிகளுக்குப் பிழைப்பே அந்த அலுப்புதான். நல்ல சித்த மருத்துவரும் அதே ஊரில்தான் இருப்பார். அவரைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும்: கொடுக்கிற மருந்தை எழுதிக் கொடுக்கிறாரா? தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்கிறாரா? இந்த இரண்டையும் எப்படிச் சோதிப்பது என்பதுதான் இனி வருவது.

அதற்கு முன்னால் ஒன்று. நெஞ்சுவலி, முகமோ கையோ திடீரென இழுத்துக்கொள்வது, பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, மயக்கத்தோடு வரும் மஞ்சள்காமாலை ஆகியவற்றுக்கு எந்த வைத்தியர் நல்லவர் என்று விசாரிக்கவே நேரம் கிடையாது, 108-ஐ அழையுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி. வேரும் பச்சிலையும் வாங்கப் போகிற நேரத்தில் தடுப்பூசியின் பலன் கைநழுவிப்போகும். ரேபிஸ் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்த முறை மருத்துவமும் காப்பாற்றுவது அரிதிலும் அரிது.

சுவரில் மாட்டியிருப்பதைப் படியுங்கள்

சித்த மருத்துவப் பட்டம் பி.எஸ்.எம்.எஸ். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல் எம்.டி (சித்தா). பாளையங்கோட்டை, சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரிகளும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ், யுனானிக்கு பி.யு.எம்.எஸ், ஹோமியோபதிக்கு பி.எச்.எம்.எஸ், இயற்கை மருத்துவத்துக்கு பி.என்.ஒய்.எஸ்.

பட்டம் மட்டும் போதாது. தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: பெயர், பதிவு எண், புகைப்படம். உட்கார்ந்திருப்பவர் அதே ஆள்தானா? அப்பா பெயரில் சான்றிதழ், மகன் பார்க்கிறார் என்பது அடிக்கடி நடக்கிற மோசடி. சான்றிதழ் உள்ள மருத்துவர் வாரம் ஒரு நாள் வந்துபோவார், மற்ற நாளெல்லாம் கம்பவுண்டர் நாடி பிடிப்பார் என்பது இன்னொன்று. எண்ணைக் குறித்துக்கொண்டு மன்றத்திடம் கேட்டால், அந்த எண் யாருடையது என்று தெரிந்துவிடும். எண்ணைக் கேட்டதற்கே கோபப்படுகிறாரா? அங்கேயே எழுந்துவிடலாம்.

‘ஆர்.எம்.பி’, ‘எம்.டி (மாற்று மருத்துவம்)’, ‘எலக்ட்ரோ ஹோமியோபதி’, ‘ஹீலர்’ என்றெல்லாம் பலகையில் நீளமாகப் போட்டிருந்தால் அதில் எதுவும் சித்த மருத்துவப் பதிவு ஆகாது. பெயருக்குப் பின்னால் எழுத்து அதிகமாக அதிகமாகச் சந்தேகமும் அதிகமாகட்டும்.

பரம்பரை வைத்தியர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பழைய விதிப்படி பதிவு பெற்ற முதிய வைத்தியர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களிடமும் பதிவு எண் இருக்கும். எண்ணே இல்லாமல், ‘ஏழு தலைமுறை வைத்தியம், ஓலைச்சுவடி வீட்டில் இருக்கிறது’ என்பது மட்டும் தகுதி ஆகாது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாமல், பரம்பரை என்பதை மட்டும் சொல்லி மருத்துவம் பார்க்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. தாத்தாவுக்குக் கைராசி இருந்திருக்கலாம். பேரனுக்கு உங்கள் ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது) அளவைப் படிக்கத் தெரிகிறதா என்பதல்லவா கேள்வி?

முதல் நாள் அறைக்குள்

சித்த மருத்துவத்தின் நோய்க்கணிப்பு எண்வகைத் தேர்வு: நாடி, தொடுவுணர்வு, நாக்கு, நிறம், குரல், விழி, மலம், சிறுநீர். நாடி அதில் ஒன்று, அவ்வளவுதான். கையைப் பிடித்து அரை நிமிடத்தில், ‘உங்களுக்குக் கல்லீரல் வீக்கம், கர்ப்பப்பையில் கட்டி, இடது நரம்பில் அடைப்பு’ என்று அடுக்குகிறவர் தன் சாஸ்திரத்தையே மதிக்கவில்லை. நல்லவர் நாக்கைப் பார்ப்பார், தூக்கம், பசி, மலம் விசாரிப்பார். இதற்குக் குறைந்தது கால் மணி நேரமாவது ஆகும்.

பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா என்பது அதைவிட முக்கியம். இப்போது சாப்பிடுகிற ஆங்கில மருந்துகள், கர்ப்பம், தாய்ப்பால், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை பற்றிக் கேட்காமல் மருந்து எடுத்தால் அது பெரிய குறை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை அவர் கேட்காவிட்டாலும் தானாகச் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “டாக்டர், எனக்கு இருக்கிறது என்ன நோய்? இந்த மருந்தோட பேர் என்ன? எத்தனை நாளில் மாற்றம் தெரியணும்? தெரியலைன்னா அடுத்து என்ன செய்வீங்க?” கடைசிக் கேள்விதான் உண்மையை வெளியே கொண்டுவரும். “அப்போ ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, தேவைப்பட்டா ஜி.எச்-க்கு எழுதித் தரேன்” என்பவர் மருத்துவர். “தெரியாம இருக்கவே இருக்காது” என்பவர் வியாபாரி.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு, காசநோய் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். இன்சுலின் போடுகிற முதல் வகை நீரிழிவுக் குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: சர்க்கரை மாத்திரையோடு சர்க்கரையைக் குறைக்கும் சூரணமும் சேர்ந்தால் அளவு ஒரேயடியாக இறங்கி, வியர்த்து மயக்கம் வரும். அதனால் முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவைத்து இரண்டு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, கண்புரை, ஆண்மைக்குறைவு போன்றவற்றுக்குக் குணமளிப்பதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ போஸ்டரைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, சட்டத்தை மீறுகிறவர் என்று தெரிந்தே போவதுதான்.

மருந்து கைக்கு வந்ததும்

சீட்டில் மருந்தின் பெயர், அளவு, வேளை, அனுபானம் (எதில் கலந்து சாப்பிடுவது: தேனா, நெய்யா, வெந்நீரா), பத்தியம், எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ‘காலையில் வெள்ளைப் பொட்டலம், ராத்திரி சிவப்புப் பொட்டலம்’ என்பது சீட்டு அல்ல. ஏதாவது ஆகி அவசர சிகிச்சைக்குப் போனால் அங்கே இருக்கிற டாக்டர், “என்ன சாப்பிட்டீங்க?” என்றுதான் முதலில் கேட்பார். சிவப்புப் பொட்டலம் என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

உரிமம் பெற்ற தயாரிப்பின் லேபிளில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி, உட்பொருள்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். அரசு நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூர் இம்ப்காப்ஸ் ஆகியவற்றின் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் முழுமையான லேபிள் எப்படி இருக்கும் என்று புரியும். மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து செய்து தருவதும் உண்டு. அப்போதும் பெயரும் சரக்குகளும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘குடும்ப ரகசியம், சொல்ல முடியாது’ என்றால் அந்த ரகசியத்தை உங்கள் சிறுநீரகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஆறு மாதத்துக்கான சூரணத்தை ஒரே தடவையில் கட்டிக் கொடுப்பவரையும் கவனியுங்கள். சித்த நூல்களின் கணக்கில் குடிநீருக்கு (மூலிகைக் கஷாயத்துக்கு) ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். காற்றுப்புகாத உறையில் அடைத்த கம்பெனி மருந்துக்குக் காலக்கெடு வேறு. பேப்பரில் மடித்த தூளுக்குப் பழைய கணக்குதான். மழைக்காலத்தில் அதற்கு முன்பே பூசணம் பிடித்துவிடும்.

குடிநீர்ச் சூரணம் கொடுத்தால் எவ்வளவு தண்ணீரில் போட்டு எவ்வளவாக வற்றவைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலவேம்புக் குடிநீருக்கு வழக்கமாக 5 கிராம் தூள், 200 மி.லி தண்ணீர், 50 மி.லி ஆகும்வரை காய்ச்சுவது. ‘ஒரு கைப்பிடி போட்டு நல்லாக் கொதிக்க விடுங்க’ என்பதில் அளவே இல்லை.

மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை என்பது பொய். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதும் புற்றுநோய் உண்டாக்குவதும் நிரூபணமானவை. சேராங்கொட்டையைச் சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் (நஞ்சு நீக்கிப் பக்குவப்படுத்தாவிட்டால்) தோல் கொப்பளித்துவிடும். பட்டியலில் இந்தப் பெயர்கள் இருந்தால் மாற்று மருந்து கேளுங்கள்.

பற்பம், செந்தூரம், சுண்ணம், மெழுகு என்று வந்தால், அதாவது உலோகமும் தாதுவும் சேரக்கூடிய மருந்துகள் என்றால், இன்னும் கூடுதல் கவனம் தேவை. ரசம், லிங்கம், பூரம், வீரம் என்பவை பாதரசச் சரக்குகள். தாளகம், வெள்ளைப் பாஷாணம் ஆகியவற்றில் ஆர்சனிக் உண்டு. ரசகந்தி மெழுகு, லிங்கச் செந்தூரம் என்று பெயரிலேயே சரக்கு தெரிந்துவிடும். முறையாகச் சுத்தி செய்து புடம் போட்டால் (மூடி வைத்து எரித்தால்) நஞ்சு நீங்கிவிடும் என்பது மரபின் நிலைப்பாடு. ஆனால் அந்தச் சுத்தி ஒழுங்காக நடந்ததா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தண்ணீரில் மிதக்கிறதா, விரல் ரேகைக்குள் ஏறுகிறதா என்ற பழைய சோதனைகள் துகள் எவ்வளவு நுண்மை என்று மட்டுமே காட்டும். ஈயம் எத்தனை மில்லிகிராம் என்று காட்டாது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

இவ்வகை மருந்துகளின் அளவு குன்றிமணி எடையில் (சுமார் 130 மி.கி) சொல்லப்படுவது. ‘ஒரு ஸ்பூன் பற்பம்’ என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உலோக மருந்தே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மற்றவர்கள் தொடங்குவதற்கு முன் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துவிட்டு, 4 முதல் 6 வாரத்தில் மறுபடி எடுங்கள். இடையில் வயிற்றைப் பிசைகிற வலி, மலச்சிக்கல், சோகை, கைகால் மரத்தல் வந்தால் ரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையான மருத்துவர் இந்தப் பரிசோதனையைத் தானே எழுதித் தருவார்.

மூன்றே நாளில் வலி போய்விட்டதா?

இதுதான் மிகவும் கவலைப்பட வேண்டிய இடம். பத்து வருட மூட்டுவலியோ ஆஸ்துமாவோ தோல் அரிப்போ ஒரு கறுப்பு உருண்டையில் மூன்று நாளில் மாயமாகப் போனால், அதில் ஸ்டீராய்டு அல்லது வலி மாத்திரை பொடித்துக் கலந்திருக்க வாய்ப்புண்டு. சில வாரத்தில் முகம் வட்டமாக உப்பும், பசி கூடும், எடை ஏறும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். மருந்தை விட்டால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதனால் ஆள் அதே வைத்தியரிடம் மறுபடி ஓடுவார்.

சந்தேகம் வந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு உடம்புக்குள் போயிருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். சட்டென விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தையும் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். ஆண்மைக்கென்று விற்கும் லேகியத்திலும் இதே கதைதான்: சில்டெனாபில் என்ற ஆங்கில மருந்து கலந்திருக்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து.

கட்டு, வர்மம், மூலம்

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் போனால் முதலில் எக்ஸ்ரே. படம் பார்க்காமல் இழுத்துக் கட்டுகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள். கட்டிய பிறகு விரல் நுனி நீலமாகிறதா, மரத்துப்போகிறதா, வலி கூடிக்கொண்டே போகிறதா என்று முதல் நாள் மணிக்கொரு தரம் பாருங்கள். அப்படியிருந்தால் விடியும்வரை காத்திராமல் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்த ஓட்டம் சில மணி நேரம் நின்றாலே தசை செத்துவிடும்.

வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். வர்மத்திலோ தொக்கணத்திலோ (உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை) கழுத்தைத் திருகிச் ‘சொடக்கு’ எடுக்க அனுமதிக்க வேண்டாம். மூலம், பவுத்திரத்துக்குக் காரநூல் சிகிச்சை (மருந்து பூசிய நூலைக் கட்டுவது) முறையான ஒன்றுதான், பதிவு பெற்றவர் செய்தால். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடி அறையில் ஊசி போட்டு ‘வலியில்லாமல் எடுப்பது’ அதுவல்ல. நாற்பதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தம் வந்தால், மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன் குடல் பரிசோதனை வேண்டும்.

பெண்களைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும். துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பச் சொன்னால் நீங்களும் அவரோடு வெளியே வந்துவிடுங்கள்.

பணம்

மாதம் ஒரு தடவை லாட்ஜ் அறையில் முகாம் போடுகிறவரிடம் உள்ள பிரச்சினை எளிமையானது: நான்காம் நாள் வாந்தி வந்தால் அவர் வேறு ஊரில் இருப்பார். நிரந்தர முகவரி, ரசீது, திரும்ப அழைத்தால் எடுக்கிற போன் எண் மூன்றும் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். ‘ஒரு மண்டலம், 48 நாள், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி’ என்றால், 10 அல்லது 15 நாளுக்கு மட்டும் கேளுங்கள். தர மறுத்தால் அவருக்கே பதினாறாம் நாள்மேல் நம்பிக்கை இல்லை என்று பொருள்.

செலவுக்கு யோசிப்பவர்கள் மறந்துவிடுகிற இடம் ஒன்று உண்டு: பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர், இலவச மருந்து, பக்கத்துக் கட்டடத்திலேயே லேப். முதல் ஆலோசனையை அங்கே வைத்துக்கொண்டால் தனியார் வைத்தியர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

போலி என்று உறுதியானால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ல் கேட்கலாம். மீதி மருந்தைக் கொட்டிவிடாதீர்கள். வந்த உறையிலேயே வைத்து ஒட்டி, வாங்கிய தேதியை மேலே எழுதி, சீட்டு, ரசீது, பலகையின் போட்டோ, சமீபத்திய ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் நகலோடு சேர்த்துக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.