குழந்தை படி இறங்கும்போது கூப்பிடாதீங்க, லேண்டிங் (படிக்கு நடுவுல வர்ற சமதளம்) வர்ற வரைக்கும் பொறுங்க

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இத மட்டும் பண்ணாலே பாதி வேலை முடிஞ்சுது. குழந்தை பாதி படியில இருக்கும்போது கீழ இருந்து "டேய் ஆட்டோ வந்துருச்சு, சீக்கிரம் வாடா"ன்னோ "ஏ பாப்பா, பார்த்து பார்த்து"ன்னோ கத்தாதீங்க. கத்துன உடனே அது தலைய தூக்கி நம்ம மூஞ்சிய பார்க்கும், கண்ணு படிய விட்டுடும், கவனம் நம்மகிட்ட வந்துடும், கால் மட்டும் அந்தரத்துல நிக்கும். விழுந்தப்புறம் "பார்த்து வரக்கூடாதா"ன்னு அதுக்கே ரெண்டு அடி வேற குடுக்குறோம், பாவம்ங்க.

நாம விழாம நடக்க உடம்பு மூணு எடத்துல இருந்து சேதி வாங்குது, கண்ணு, உள்காது, அப்புறம் பாதம் மூட்டு தசையில இருந்து வர்ற உணர்வு. பெரியவங்களுக்கு இதுல ஒண்ணு ஏமாத்துனாலும் மத்த ரெண்டும் தாங்கிக்கும், சின்னதுங்க பெரும்பாலும் கண்ண நம்பித்தான் நிக்குதுங்க. 1974ல லீ, ஆரன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, அப்பத்தான் நடக்க கத்துக்கிட்ட குழந்தைங்கள ஒரு ரூமுக்குள்ள நிக்க வச்சு, தரைய அசைக்காம சுவர மட்டும் நகர்த்தி பார்த்தாங்க. தரை கொஞ்சம் கூட ஆடல, ஆனாலும் குழந்தைங்க தள்ளாடுச்சுங்க, சிலது விழுந்தே போச்சுங்க. இந்த மூணையும் கலந்து சமாளிக்குற பக்குவம் ஏழு வயசு வாக்குல தான் மெதுவா வர ஆரம்பிக்கும், முழுசா வர இன்னும் சில வருஷம் ஆகும்.

இன்னொன்னு, படியோட ஒசரம். வீட்டுப் படி 19 செ.மீ.க்கு மேல போகக்கூடாதுன்னு கட்டிட விதி சொல்லுது. அந்த 19 செ.மீ. படியவே ஒரு மீட்டர் ஒசர குழந்தை இறங்குறது, 170 செ.மீ. ஆளு 32 செ.மீ. படி இறங்குற மாதிரி கணக்கு வருது, அதாவது ஒரு அடிக்கும் மேல. ஏறுறத விட இறங்குறது கஷ்டம், ஒத்தக் கால்ல நின்னு முட்டிய மடக்கி முழு உடம்பையும் மெதுவா கீழ விடணும். அதனால தான் ஏறும்போது காலை மாத்தி மாத்தி வைக்குற குழந்தை, இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேர்த்து வச்சு இறங்குது. அத பார்த்து "இன்னும் பழகலயா"ன்னு அவசரப்படுத்தாதீங்க, அது தன்ன காப்பாத்திக்க பண்ற வேலை.

கவனம் எவ்ளோ பிரியுதுன்னு வீட்டுலயே பார்க்கலாம். நீங்க ஒரு படி கீழ நின்னுக்கிட்டு குழந்தைய சும்மா இறங்க சொல்லுங்க, அடுத்த தடவை ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இறங்க சொல்லுங்க. நெறைய குழந்தைங்க வேகம் கொறஞ்சுடும், கை தானா சுவர தேடும், இல்லன்னா வாய்ப்பாடு நின்னுடும். ரெண்டுல ஒண்ண விட்டா தான் இன்னொன்னு நடக்கும். அப்போ படியில வச்சு "டிபன் சாப்ட்டியா, டைரியில கையெழுத்து வாங்குனியா"ன்னு கேக்குறதும் இதே வேலை தான, லேண்டிங்கில நிறுத்தி கேளுங்க. செல்போன் கையில இருந்தா பேச்சே வேணாம், வாங்கி வச்சுட்டு தான் இறக்கணும்.

நம்ம பக்கம் மொட்டை மாடிக்கு வெளிப்பக்கமா செங்குத்தா படி வச்சு, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லாம விட்ட வீடு தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் தெருவுக்கு தெரு இருக்கு. மழை தூறுனா "போய் துணி எடுத்துட்டு வா"ன்னு புள்ளைய தான் அனுப்புவோம். எங்க தெருவுல ஒரு பொண்ணு அப்படி இறங்குறத பார்த்தேன், ரெண்டு கையிலயும் துணிய கட்டிப் புடிச்சு தாடை வரைக்கும் குவிச்சு வச்சுருக்கு, கால் தெரியல, கட்டை விரல நீட்டி நீட்டி படி விளிம்ப தடவித் தடவி இறங்குது. கண்ணும் போச்சு, புடிக்க கையும் போச்சு. துணிய மேல இருந்து கீழ போட சொல்லுங்க, இல்ல ஒரு பையில போட்டு ஒரு கையில புடிச்சு இன்னொரு கைய சுவத்துல வச்சு வரட்டும். ஸ்கூல் பேக் முதுகுல ரெண்டு பட்டையும் போட்டு இருக்கணும், லஞ்ச் பேக்க நீங்க வாங்கிக்குங்க.

இப்போ படிக்கு வருவோம். நம்ம ஊரே கிரானைட் ஊரு, அதனால படிக்கு பளபளன்னு பாலிஷ் போட்ட கல்லு தான் பதிக்குறாங்க. பார்க்க அழகா இருக்கும், ஆனா ஒரே கலரா இருக்குறதால எங்க படி முடியுதுன்னு குழந்தை கண்ணுக்கு பிரிஞ்சு தெரியாது, லைட்டு பட்டு மின்னுனா இன்னும் மோசம், ஈரம்னா வழுக்கும், வெறும் சாக்ஸோட வந்தா கேக்கவே வேணாம். புதுசா கட்டுறவங்க கல்லு வெட்டும்போதே விளிம்புல ரெண்டு மூணு கோடு போட சொல்லுங்க, சொரசொரப்பான பினிஷ் கேளுங்க. ஏற்கனவே போட்டவங்க ஒவ்வொரு படி விளிம்புலயும் மஞ்சளோ வெள்ளையோ வழுக்காத டேப்பு ஒட்டுங்க. எல்லா படிக்கும் முடியலன்னா மேல முதல் படிக்கும் கீழ கடைசி படிக்கும் கண்டிப்பா ஒட்டுங்க, கால் தப்புறது அங்க தான் அதிகம். கடைசி ஒரு படி இருக்கும்போதே குழந்தை கண்ணு வாசலுக்கு போயிடும்.

வெயில்ல விளையாடிட்டு இருட்டு படிக்கட்டுக்குள்ள ஓடி வந்தா கண்ணு பழக நேரம் ஆகும், ரெண்டு நிமிஷம் உக்கார வச்சு தண்ணி குடுத்து அனுப்புங்க. லைட்டுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு டூ வே சுவிட்ச் போட்டுருங்க. பெரியவங்க கைப்பிடி மூணடியில இருக்கும், அதுக்கு கீழ ரெண்டேகால் அடி வாக்குல இன்னொரு பைப்பு வெல்டிங் பண்ணா குழந்தைக்கு கை எட்டும்.

தீர்த்தமலை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைன்னு போனா கருங்கல் படி எல்லாம் ஒரே ஒசரம் இருக்காது, கூட்டம், கடை, எங்கயாச்சும் குரங்கு, எல்லாமே கண்ண இழுக்கும். ஏறும்போது குழந்தைக்கு பின்னாடி, இறங்கும்போது முன்னாடி, ரெண்டு நேரத்துலயும் நீங்க தான் கீழ்ப்படியில இருக்கணும். வேடிக்கை பார்க்கட்டும், தடுக்க வேணாம், "நின்னு பாரு, அப்புறம் நட"ன்னு பழக்குங்க.

கண்ண பத்தி கடைசியா. படி இறங்கும்போது மட்டும் தலைய சாய்ச்சு பார்க்குது, விளிம்புல அடிக்கடி தடுக்குதுன்னா ரெண்டு கண்ணையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க, ஒரு கண்ணு மட்டும் மங்கலா இருந்தா குழந்தை சொல்லாது, அதுக்கே தெரியாது, ஆனா படியோட ஆழம் சரியா புரியாது. புது கண்ணாடி போட்ட முதல் சில நாள் படி கொஞ்சம் தள்ளி தெரியும், அப்போ கைய புடிச்சே இறக்குங்க. நல்லா இறங்கிட்டு இருந்த புள்ள திடீர்னு தள்ளாட ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. விழுந்து தலையில அடி பட்டு வாந்தி எடுத்தாலோ, தூங்கி தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கு காதுல தண்ணியா வந்தாலோ உடனே 108க்கு போன் பண்ணுங்க.