பழைய கில்ட்டா? இடுப்பை விடுங்கள், நீளத்தை அளந்து பாருங்கள்

தினமும் உடுத்த மலிவான கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், மடிப்பு வைத்த, முழங்கால் வரையிலான பாவாடை போன்ற உடை) தேடுகிறவர்கள், ஸ்காட்லாந்தின் வாடகை உடைக் கடைகள் கழித்து விற்கும் கம்பளிக் கில்ட்டை வாங்கலாம். ஆனால் முதலில் அளக்க வேண்டியது இடுப்பை அல்ல, தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரையிலான நீளத்தை. இடுப்பு ஓர் அங்குலம் முன்பின் இருந்தால் இடுப்பு வாரை மாட்டும் பக்கிளை இடம் மாற்றித் தைத்துக்கொள்ளலாம். நீளம் அப்படியல்ல. முறையாகத் தைத்த கில்ட்டில் கீழே மடித்துத் தைத்த விளிம்பே கிடையாது, துணியின் நெய்த கரைதான் விளிம்பு. அவிழ்த்து இறக்க ஒன்றுமில்லை. வெட்டினாலோ நூல் பிரியும்.

வாடகைக்கென்று தைத்தவை அடிக்கடி கைமாறுவதைத் தாங்க வேண்டும் என்பதால் துணி பெரும்பாலும் கனமாகவே இருக்கும். கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி கிடைத்தால் விடாதீர்கள், மடிப்பு எளிதில் கலையாது. வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி அரித்த துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

குறிப்பிட்ட ஸ்காட்லாந்துக் குலத்தின் டார்ட்டன் (வண்ணக் கட்டம் போட்ட துணி வடிவம்) தான் வேண்டும் என்பவருக்கு இந்த வழி அநேகமாக உதவாது. அடிக்கடி வாஷிங் மெஷினில் போடுகிறவருக்கும் கம்பளி ஒத்துவராது. அவர்கள் பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்த துணிக்குப் போகலாம். மலிவு அக்ரிலிக் மட்டும் வேண்டாம், உட்காரும் இடத்தில் சீக்கிரமே நூல் உருண்டை கட்டிவிடும்.