சென்னை மாடியில் கிறிஸ்துமஸ் மரம்: வாங்குவது முதல் பராமரிப்பு வரை

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அரக்கேரியா. ஊசியிலை மரம் என்றதும் ஊட்டிக் குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் நர்சரிகளுக்கு வரும் இரண்டு வகைகளின் பூர்வீகமும் பசிபிக் கடல் தீவுகள்: ஒன்று நார்ஃபோக் தீவு, மற்றது நியூ கலிடோனியா. உப்புக்காற்று பழகிய மரம் என்பதால் பெசன்ட் நகர் மாடியிலும் தாக்குப்பிடிக்கும். சென்னையில் இது சாவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, தொட்டியில் தேங்கும் தண்ணீரால்.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், அடித்தட்டைப் பாருங்கள். தண்டைச் சுற்றிக் கிளைகள் தட்டுத் தட்டாக வரும். ஒரு கிளை பட்டுப்போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. கீழே மொட்டையான ஆறடி மரத்தைவிட, அடியிலிருந்தே பச்சையாக இருக்கும் இரண்டடிக் கன்று மேல். நுனிக்குருத்து நேராக, உடையாமல் இருக்க வேண்டும். பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று நிமிராது, படுக்கைவாட்டிலேயே போகும். அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

நடுவதற்கு ஆடி நல்லது. ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து வரும் கன்றுகளின் வேர்க்கட்டி இறுகிய களிமண்ணாக இருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றியுள்ள மண் நனைந்தாலும் கட்டிக்குள் தண்ணீர் இறங்காது. முழுக்க உடைத்தால் வேர் அறுந்து கன்று வாடும். கட்டியை நனைத்து, வெளிப்புறத்தில் ஒரு விரல் தடிமனுக்கு மட்டும் குச்சியால் கிளறி உதிர்த்தால் போதும்.

இரண்டடிக் கன்றுக்கு 14 அங்குலத் தொட்டி போதும். செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு. பருமணலுக்குப் பதில் எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) என்றால் மாவு போகும்வரை அலசுங்கள். இல்லாவிட்டால் அந்த மாவு அடியில் படிந்து ஓட்டையை அடைத்துவிடும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

தரையில் நடுவதென்றால் யோசித்துச் செய்யுங்கள். இது 60 அடியைத் தாண்டி வளரும். நியூ கலிடோனிய வகைக்கு இன்னொரு குணமும் உண்டு: பூமத்திய ரேகை இருக்கும் பக்கமாகச் சாய்ந்து வளரும். 2017-இல் வெளிவந்த ஆய்வில் சராசரிச் சாய்வு 8.55 டிகிரி. நம் ஊரில் அது தெற்கு. தெற்கே வீடோ மின்கம்பியோ இருந்தால் தொட்டியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் போதும். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வாசி திருப்பி வைத்தால் ஒருபக்கமாக வளைவது குறையும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். மே மாதத்தில் தினமும் தேவைப்படலாம். நவம்பரில் வாரக்கணக்கில் தேவைப்படாது. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை போதும்.

கிளை பழுப்பானதும் எல்லோரும் செய்வது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவது. முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் ஈரமாக இருந்தும் அடிக்கிளைகள் மஞ்சளாகித் தொங்கினால் வேரழுகல். கன்றைப் பிடுங்கி, கறுத்துக் குழைந்த வேரை நறுக்கிவிட்டு, உலர்ந்த புதுக் கலவையில் மாற்றுங்கள். நுனிகள் மட்டும் கருகி மண்மேல் வெள்ளைப் படிவம் இருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு; மழைநீரையோ மெட்ரோ தண்ணீரையோ தொட்டிக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி அலசுங்கள். பச்சை மங்கித் தூசி படிந்தாற்போல் தெரிந்தால், கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மிளகாய்த் தூள் அளவில் புள்ளிகள் ஊர்ந்தால் சிவப்புச் சிலந்தி. கிளையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து தெளியுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை. கிளை இடுக்கில் பஞ்சு போல் ஒட்டும் மாவுப்பூச்சிக்கும் இதே கலவைதான். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள்.

உயரம் கூடுகிறதென்று நுனியைக் கிள்ளாதீர்கள். கூம்பு வடிவம் போய், மேலே இரண்டு மூன்று தலைகள் கிளம்பி மரம் கோணலாகிவிடும்.

டிசம்பரில் வீட்டுக்குள் கொண்டுவந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். சூடாகாத எல்இடி சீரியல் லைட் மட்டும் போடுங்கள். கனமான மணிகளைக் கிளை நுனியில் தொங்கவிட்டால் நுனி வளைந்துவிடும். பனி ஸ்ப்ரே இலையில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், அது வேண்டவே வேண்டாம். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. வெளியே எடுத்ததும் ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.