பொத்தானைக் குழந்தையே போடட்டும்: வீட்டு ஆக்குபேஷனல் தெரபியில் நேரும் தவறுகள்

காலை நேரம். பள்ளி வாகனம் வரப்போகிறது. ஆறு வயதுச் சிறுமி சட்டையின் கடைசிப் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டாள். விரல் வழுக்குகிறது, மறுபடி முயல்கிறாள். அதற்குள் அம்மாவின் கை குறுக்கே வந்து பொத்தானை மாட்டிவிடுகிறது. முந்தின நாள் மாலை இதே அம்மாதான் அவளை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து மணி கோக்கப் பழக்கினார். மணி கோத்ததே பொத்தானுக்காகத்தான்!

நான் பார்த்த வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். பயிற்சிக்கென்று தனி நேரம், தனிப் பாய், தனிப் பொம்மைகள் எல்லாம் இருக்கும். உடுப்பது, உண்பது, பல் துலக்குவது போன்ற உண்மையான வேலைகளை மட்டும் பெரியவர்களே முடித்துவிடுவார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்பதே அந்த அன்றாட வேலைகளுக்கான சிகிச்சை.

அவசரமான காலையில் முழுச் சட்டையையும் அவளிடம் விட முடியாது என்பது நியாயம்தான். கடைசி அடியை மட்டும் விடலாமே. பொத்தானை நீங்கள் பாதி நுழைத்துக் கொடுங்கள், மறுபக்கம் இழுப்பது அவள் வேலை. அது கைவந்ததும் நுழைப்பதையும் அவளிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருப்பாள். போடுவதைவிடக் கழற்றுவது எளிது என்பதால், மாலையில் உடை மாற்றும்போது தொடங்குவது இன்னும் நல்லது. ஒரு பக்கக் கை பலவீனமாக இருந்தால் சட்டையை அந்தக் கையில் முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் விட வேண்டும். இந்த வரிசை மாறினால் தினமும் ஒரு போராட்டம்தான்.

மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தையின் மூடிய கையை விரல் நுனியைப் பிடித்து இழுத்துத் திறப்பவர்கள் உண்டு. வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். குழந்தை அடம்பிடிப்பதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமே தளரும். கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடியுங்கள். கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டையான ஸ்பிளின்ட் கொடுத்திருந்தால், கழற்றிய பிறகு தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால், தெரபிஸ்ட்டிடம் காட்டும்வரை மீண்டும் மாட்டாதீர்கள்.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று பென்சில் பிடியைத் திருத்துவதற்கு முன் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றனவா? பாதம் ஊன்றாவிட்டால் உடம்பை நிமிர்த்தி வைக்கவே குழந்தையின் பாதி பலம் செலவாகிவிடும். உறுதியான ஒரு பெட்டியைக் காலடியில் வைத்தால் போதும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் இதே இருக்கைதான். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

இணையக் காணொளியைப் பார்த்துக் குழந்தையை ஊஞ்சலில் வைத்துச் சுற்றுவதும், உள்ளே எடை வைத்துத் தைத்த எடைப் போர்வை வாங்கிப் போர்த்துவதும் எனக்குக் கவலை தருபவை. ஒருவனை அமைதிப்படுத்தும் சுழற்சி இன்னொருவனுக்குக் குமட்டலையும் வியர்வையையும் தரும். முகம் வெளிறினால் உடனே நிறுத்துங்கள். எடைப் போர்வை கைக்குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. தானே விலக்கிக்கொள்ள முடியாத எந்தக் குழந்தைக்கும் கூடாது.

எவ்வளவு நேரம் செய்வது என்பதிலும் பேராசை இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள 36 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2009-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியானது. அதில் பெற்றோர் வீட்டுப் பயிற்சியைச் சராசரியாக மாதத்துக்கு 17.5 முறை, ஒவ்வொரு முறையும் 16.5 நிமிடம்தான் செய்தார்கள். எட்டு வாரத்தில் குழந்தைகளின் செயல்பாடு மேம்பட்டது. இலக்குகளைக் குடும்பமே தெரபிஸ்ட்டுடன் சேர்ந்து வகுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘கைத்திறன் வளர வேண்டும்’ என்பது இலக்கு ஆகாது. ‘ஐந்து வாய் தானே அள்ளிச் சாப்பிட வேண்டும்’ என்பது இலக்கு.

பேச்சையும் குறைக்க வேண்டும். ‘பிடி, தூக்கு, இந்தப் பக்கம், அப்படி இல்லை’ என்று அம்மா ஒருபுறமும் தாத்தா மறுபுறமும் சொன்னால் குழந்தை யாரைக் கேட்கும்? ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பல குழந்தைகளுக்கு ஏழிலோ எட்டிலோதான் கை அசையத் தொடங்கும்.

தெரபிஸ்ட்டிடம் போகும்போது ‘எல்லாம் செய்கிறோம்’ என்று சொல்வதைவிட, வீட்டுக் காலைப்பொழுதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கை குறுக்கே வரும் இடத்தை வெட்டிவிடாதீர்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.