புது டயர் போட்ட முதல் வாரம்

என் ஸ்விஃப்டுக்கு நாலு டயரும் மாற்றிய மறுநாளே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணம் சரிபார்ப்பதை) திட்டினேன், பாவம்.

விஷயம் இதுதான். புது டயரில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளும் இடையிலுள்ள பள்ளங்களும், சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். அந்த ரப்பர் கட்டைகள் வளைவில் கொஞ்சம் நெளியும். தேய்ந்த டயரில் நெளிய ஒன்றுமில்லை, அதனால்தான் அது 'டக்'கென்று திரும்பியது போலிருந்தது. ஆனால் மழையில் தண்ணீரை விலக்குவது ஆழமான பட்டன்தான். 1.6 மி.மீ. வந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து (மோல்டு) டயரை எடுக்கப் பூசிய பொருளும் மேலே ஒட்டியிருக்கும், வழுக்கும். எனவே முதல் 300 கி.மீ. சடன் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். ஈரச் சாலையில் இன்னும் நிதானம்.

காற்றை டயர் சூடாகும் முன் பாருங்கள். அளவு டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். கடைக்காரர் சொல்லும் 'எல்லாத்துக்கும் 35 psi' வேண்டாம்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரத்தில் தயாரானது. அப்புறம், இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால் போடுங்கள். முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் சரி, ஈரத்தில் பின்பக்கம் சறுக்கினால் மீட்பது கடினம்.