பிராக் நகரில் தம்பதியராய் முதல் நாள்: மேட்டிலிருந்து இறங்கி நடக்கும் வழி

பிராக் நகரத்துக்கு முதன்முறை வருபவர்களில் பலர் பழைய நகரச் சதுக்கத்தில் நடக்கத் தொடங்கி, சார்லஸ் பாலத்தைக் கடந்து, உச்சிப் பொழுதில் கோட்டை மேட்டின் மீது மூச்சிரைக்க ஏறுகிறார்கள். அந்த வரிசையை அப்படியே திருப்பிவிட வேண்டும் என்பதுதான் என் பரிந்துரை. காலையிலேயே ட்ராமில் மேட்டின் உச்சிக்குப் போய்விட்டு, அங்கிருந்து வல்தாவா ஆற்றை நோக்கி இறங்கி, மாலையில் சதுக்கத்தை அடைய வேண்டும். நானும் என் மனைவியும் நடந்த வழி இது. நேராக நடந்தால் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஆனால் பார்க்க வேண்டியவை ஒரு பகலை முழுதாக எடுத்துக்கொள்ளும். விசா, விமானம், விடுதி ஆகியவற்றை முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

புறப்படும் முன்

வழிநெடுகக் கருங்கல் பதித்த தரை என்பதால், தடித்த அடிப்பாகம் கொண்ட, ஏற்கெனவே காலுக்குப் பழகிய காலணி வேண்டும். வரைபடத்துக்கு, செக் நாட்டில் உருவான ‘மாப்பி’ செயலியைத்தான் நான் சொல்வேன். படிக்கட்டு, சந்து, ஏற்றம் ஆகியவற்றைக் கூகுள் வரைபடத்தைவிட அது தெளிவாகக் காட்டுகிறது. முன்பே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

இங்கே புழங்கும் பணம் யூரோ அல்ல, கொருனா. ஏடிஎம்மிலோ கடையிலோ கார்டைச் செருகும்போது, எந்த நாணயத்தில் கணக்கிடுவது என்று இயந்திரம் கேட்டால், தயங்காமல் கொருனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவோர நாணய மாற்றுக் கடையில் மோசமான விகிதத்தில் மாற்றிவிட்டால், ரசீதுடன் 3 மணி நேரத்துக்குள் திரும்பிச் சென்று, 1,000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை ரத்து செய்யும் உரிமையை 2019 முதல் செக் சட்டம் தருகிறது. இதை அறிந்திருப்பது நல்லதுதான். ஆனாலும் அந்தக் கடைகள் பக்கமே போகாமல் இருப்பது அதனினும் நல்லது.

முதல் படி: டிக்கெட்

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இயந்திரத்திலோ கடையிலோ வாங்கிய காகித டிக்கெட், கையில் இருப்பதால் மட்டும் செல்லுபடியாகிவிடாது. ட்ராமுக்குள்ளோ, மெட்ரோவின் நகரும் படிக்கட்டுக்கு முன்போ உள்ள சிறிய மஞ்சள் இயந்திரத்தில் அதைச் செருகி, தேதியும் நேரமும் அச்சிடப்பட்ட பிறகே அதன் காலக்கெடு தொடங்கும். மெட்ரோவில் தடுப்புக் கதவு எதுவும் இல்லாததால், அச்சிடாமலே உள்ளே போய்விட முடியும்; சாதாரண உடையில் வரும் பரிசோதகர் அதற்கு அபராதம் விதிப்பார். மாறாக, ட்ராமுக்குள் இருக்கும் கருவியில் கார்டைத் தொட்டு வாங்கும் டிக்கெட் நேரம் அச்சிடப்பட்டே வெளிவருகிறது. அதை மஞ்சள் இயந்திரத்தில் மறுபடி செருகக் கூடாது. வண்டி மாறும்போதும் அதே டிக்கெட்டில் இரண்டாம் முறை அச்சிடக் கூடாது. இருவர் சேர்ந்து போனாலும் ஆளுக்கொரு டிக்கெட் தனித்தனியாக வேண்டும்.

இரண்டாம் படி: ட்ராம் 22

மெட்ரோவின் ஏ தடத்தில் மலோஸ்த்ரன்ஸ்கா நிலையத்தில் இறங்கி வெளியே வந்து, பீலா ஹோரா திசைக்குச் செல்லும் 22ஆம் எண் ட்ராமில் ஏறுங்கள். ‘பிராஷ்ஸ்கி ஹ்ராத்’ என்ற கோட்டை நிறுத்தத்தில் கூட்டம் மொத்தமாக இறங்கும். நீங்கள் இறங்காமல் போஹோர்ஷெலெட்ஸ் வரை செல்லுங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில், 1143இல் நிறுவப்பட்ட ஸ்த்ராஹோவ் மடம் இருக்கிறது. அதன் அருகிலுள்ள மேட்டிலிருந்து சிவப்புக் கூரைகளையும் ஆற்றையும் கோபுரங்களையும் ஒரே பார்வையில் காணலாம். அன்று நடக்கப்போகும் வழி முழுவதும் கண்முன் விரிவதால், வரைபடத்தைப் பத்து முறை பார்ப்பதைவிட இங்கே ஒரு முறை நின்று பார்ப்பது திசையைப் புரியவைக்கும்.

மூன்றாம் படி: கோட்டை

நுழைவாயிலில் பையைச் சோதிக்கக்கூடும் என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறிய பை போதும். வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. கட்டடங்களின் உள்ளே செல்லத்தான் டிக்கெட். அதுவும் இரண்டு நாள் செல்லும் என்பதால், அனைத்தையும் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை. புனித விட்டுஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கினார்கள், 1929இல்தான் முடித்தார்கள். மேற்கு வாசலில் நின்று படம் எடுப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பிற்காலத்து வேலைப்பாடு. பழைய பகுதியைக் காண, கட்டடத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போக வேண்டும். போகும் வழியில், தென்புற வாசலின் மேலே 14ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்பு மொசைக்கும் இருக்கிறது. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பயணிகளுக்கு நண்பகலுக்குப் பிறகே அனுமதி.

நான்காம் படி: நேருடோவா தெருவில் இறக்கம்

கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து படிக்கட்டு வழியாகவும் இறங்கலாம் என்றாலும், மேற்கு வாசலுக்குத் திரும்பி வந்து நேருடோவா தெருவில் இறங்குவதையே நான் விரும்புகிறேன். 1770இல் வீடுகளுக்கு எண் இடும் முறை வருவதற்கு முன், சின்னங்களே இங்கு முகவரியாக இருந்தன. மூன்று வயலின்கள், இரண்டு சூரியன்கள் போன்ற அந்தச் சின்னங்களை வாசல்களின் மேலே இன்றும் பார்க்கலாம்.

மதிய உணவுக்கு ஏதேனும் ஒரு முகவரியைத் தேடும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பிராக் வீடுகளில் இரண்டு எண்கள் இருக்கும். சிவப்புப் பலகையில் இருப்பது அந்தப் பகுதிக்குரிய பதிவு எண்; தெருவில் வரிசையாக வருவது நீலப் பலகையில் உள்ள எண். ஆகவே நடப்பவர்கள் பார்க்க வேண்டியது நீலத்தை மட்டுமே. முகவரியில் சாய்கோடிட்டு இரண்டு எண்கள் எழுதியிருந்தால், இரண்டாவதாக வருவதுதான் பொதுவாக நீல எண்.

சைவ உணவுக்காரர்களுக்கு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ் ஏறக்குறைய எல்லா உணவகங்களிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சூப்பை மட்டும் நம்பிவிடாமல், இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் பல இடங்களில் காசு உண்டு.

ஐந்தாம் படி: பாலமும் சதுக்கமும்

சார்லஸ் பாலத்தின் அடிக்கல் 1357இல் நாட்டப்பட்டது. அதன் நீளம் 516 மீட்டர். அதன் மேலுள்ள 30 சிலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை நகல்களே. கோட்டைப் பக்கமிருந்து வரும்போது இடப்புறத்தில் வெண்கலத்தில் நிற்பது 1683இல் வைத்த, புனிதரான நெபோமுக் யோவானின் சிலை; 1393இல் அவரை ஆற்றில் வீசியதை அதன் அடியிலுள்ள பலகை காட்டுகிறது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் அங்கே கைவைக்கக் கூட்டம் நெருக்கியடிக்கும்போது பணப்பையில் கவனம் இருக்கட்டும்.

சதுக்கத்தின் வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொரு மணிக்கும் அப்போஸ்தலர் பொம்மைகள் வரும் காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காக இருபது நிமிடம் முன்னதாகப் போய் இடம்பிடிப்பது வீண் என்பது என் கருத்து. கூட்டம் கலைந்தபின் போனால் முகப்பை நிதானமாகப் படிக்கலாம். வெளி வளையத்தில் உள்ள 24 எண்கள், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய போஹீமிய (செக்) நேரத்தைக் காட்டுகின்றன. அருகிலேயே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1621 ஜூன் 21 அன்று அங்கே மரண தண்டனைக்கு உள்ளான 27 பேரின் நினைவாக இட்டவை அவை. பெரும்பாலோர் கவனிக்காமல் அவற்றின் மேலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் படம் எடுக்கிறார்கள்.

பின்சேர்க்கை

சனிக்கிழமை சென்ற ஒரு வாசகர், சதுக்கத்தை ஒட்டிய யூதப் பகுதியின் கல்லறைத் தோட்டமும் அருங்காட்சியகத் தொழுகைக்கூடங்களும் மூடியிருந்ததாக எழுதியிருந்தார். சனி அங்கே ஓய்வு நாள். அவற்றையும் பார்க்க விரும்பினால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

முழங்கால் வலியுள்ள மாமியாரையும் அழைத்துச் செல்லலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அப்படியானால் போஹோர்ஷெலெட்ஸ் வேண்டாம். கோட்டை நிறுத்தத்திலேயே இறங்குங்கள். அங்கிருந்து கோட்டையின் இரண்டாம் முற்றத்துக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய சமதளம். பார்த்து முடித்ததும் நேருடோவா இறக்கத்தைத் தவிர்த்து, அதே நிறுத்தத்தில் எதிர்த்திசையில் வரும் 22ஐப் பிடித்து மலோஸ்த்ரன்ஸ்கே நாமியெஸ்தீ நிறுத்தத்தில் இறங்கினால், பாலம் சில நிமிட நடையில் வந்துவிடும்.